மடிப்பு ஜோடி

இப்போது அவளை எல்லோரும் ‘பிடிச்சாச்சு அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். வயது ஐம்பதை நெருங்குகிறது. ஆவி பட்டுப் பட்டு முன்நெற்றியில் முடி மெலிந்துவிட்டது. பத்தொன்பது வயதில் அவள் பெயர் கொக்கு. கழுத்தும் காலுமாக நெடுநெடுவென்று நின்றதால், சலவைக்கூடத்துக்கு வந்த முதல் நாளே பாய்லர் மாமா வைத்த பெயர் அது.

“கொக்கு மாதிரி இருக்கே. நல்லதுதான் போ, மேல் கொடியில துணி போட இனிமே ஏணி வேண்டாம்,” என்றார். பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் அவர், வாயால் எல்லோருக்கும் மாமா ஆனவர். அவர் வைத்த பெயரை மாற்ற யாராலும் முடியாது.

அந்தக் கூடத்துக்கு வருவது ஆஸ்பத்திரித் துணி. காலையில் வண்டி வந்து மூட்டைகளைத் தள்ளிவிட்டுப் போகும். ஒரு சுவர் ஓரமாகத் துவைக்கும் மெஷின்கள் வயிறு குலுங்க ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீர் எப்போதும் காலடியில். நடுவில் மடிப்பு மேசைகள். கடைசியில் ஜன்னலை ஒட்டிப் பெரிய உருளை. ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால், அந்தச் சூட்டு உருளை அதை இழுத்து அழுத்தி, காய்ந்த விரிப்பாக அந்தப் பக்கம் தள்ளும். அதற்கு முன்னால் நிற்பவர் ஒருவர், பின்னால் வாங்குபவர் ஒருவர். உருளையில் காய்ந்த விரிப்புகளும், கொடியில் காய்ந்த சின்ன உருப்படிகளும் முரட்டுத் துணிகளும் மடிக்க மேசைக்கு வரும். அங்கே மடிப்பவர்கள் ஜோடி ஜோடியாக நிற்பார்கள்.

கொக்குவுக்கு ஜோடியாக வந்து சேர்ந்தவன் அரைப்படி. அவனுக்கும் பத்தொன்பதுதான். உயரத்தில் அவள் தோளுக்குக் கீழே. முதல் வாரம் அவர்கள் மடித்த விரிப்பெல்லாம் ஒரு முனை ஏறி ஒரு முனை இறங்கியே இருந்தது.

சூப்பர்வைசர் அக்கா ஒரு விரிப்பைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். “இது என்ன, நோயாளி படுக்கிறதுக்கா, சறுக்கி விளையாடுறதுக்கா? டேய், அந்தச் சோப்புப் பெட்டியைக் கவுத்துப் போட்டு மேல நில்லு.”

“பெட்டி மேலயா? நானா? அவளை முட்டியை மடக்கச் சொல்லுங்கக்கா,” என்றான் அரைப்படி. ரோஷம்.

அவள் அன்று முழுக்க அரை முட்டி மடக்கி நின்றே மடித்தாள். சாயங்காலம் படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவன் பின்னால் வந்துகொண்டிருந்தான், பார்த்தான். மறுநாள் காலை அவள் வருவதற்கு முன்பே சோப்புப் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் கையைக் கட்டிக்கொண்டு அவன்.

“என்ன பாக்கிறே? இங்க காத்து நல்லா வருது,” என்றான்.

அன்றிலிருந்து அவர்கள் ஜோடி.

பெரிய விரிப்பை இரண்டு பேர் மடிப்பதற்கு ஒரு முறை உண்டு. ஆளுக்கு இரண்டு முனை. இழுத்துப் பிடித்து இரண்டு உதறல். நீளவாக்கில் ஒரு மடிப்பு. அப்புறம் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, ஒருவர் தன் கையிலுள்ள முனைகளை மற்றவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுப்பவர் பட்டென்று விட்டுவிட்டால் விரிப்பு ஈரத் தரையில் விழும். விழுந்தால் திரும்பத் துவைக்க வேண்டும். அதனால் அந்தக் கூடத்தில் ஒரு பழக்கம்: வாங்குபவர் ‘பிடிச்சாச்சு’ என்று சொல்லும் வரை கொடுப்பவர் விடக் கூடாது. மெஷின் சத்தத்தில் காதில் விழாவிட்டாலும் வாயசைவைப் பார்த்துவிட்டு விடுவார்கள். நாள் முழுக்க மேசைகளிலிருந்து அந்த ஒரு சொல் வந்துகொண்டே இருக்கும். அரைப்படி பெட்டியிலிருந்து குதித்து ஓடி வருவான்; அவள் இரண்டே எட்டில் வந்து நிற்பாள்; விரல் விரலைத் தொடும்; “பிடிச்சாச்சு.” மறுபடி போவான், ஏறுவான், குதிப்பான்.

“ஒரு நாளைக்கு எத்தனை மாடி ஏறுறேன் தெரியுமா?” என்பான்.

“மேல போய் என்னத்தைப் பாத்தே?”

“உன் மூக்கைத்தான். கீழ இருந்து பாத்தா ஓட்டை மட்டும்தான் தெரியுது.”

ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. அதற்குப் பெயர் என்ன என்று இருவரும் யோசிக்கவில்லை. கையில் எப்போதும் அடுத்த விரிப்பு இருந்தது.

பிறகு உருளையில் நின்ற பெண் கல்யாணமாகி வேறு ஊர் போனாள். உருளை ஆளுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒன்று உண்டு, பாய்லருக்கு மேலே ஒரு அறை. காலை ஐந்து மணிக்கே உருளையைச் சூடேற்ற வேண்டும் என்பதால் அங்கேயே தங்க விட்டிருந்தார்கள். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், கதவுக்கு ஒரு சாவி. அவ்வளவுதான். ஆனால் இருபது வயதில் தனக்கென்று ஒரு சாவி என்பது எப்படிப்பட்டது என்று அந்த வயதைத் தாண்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கொக்கு சித்தப்பா வீட்டில் இருந்தாள். எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, தரை காய்ந்த பிறகுதான் சமையலறையில் அவள் பாய் விரிக்க முடியும். அவளுடைய சாமான் முழுக்க ஒரு தகரப் பெட்டி. அது தையல் மெஷினுக்கு அடியில் இருக்கும். சித்தி கொடுமைக்காரி இல்லை. தைக்க உட்காரும்போதெல்லாம், “உன் பெட்டியைக் கொஞ்சம் நகத்திக்கோம்மா, கால் இடிக்குது,” என்பாள். அவ்வளவுதான். ஆனால் மூன்று வருஷமாக ஒரு நாளைக்கு நாலு தடவை நகர்த்தினால், பெட்டியோடு சேர்ந்து தானும் நகர்ந்துகொண்டே இருப்பது போல அவளுக்கு இருந்தது.

அரைப்படி கதை வேறு. இருப்பது ஒரே அறை. அண்ணனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. “அண்ணி வந்த நாள்லேருந்து நான் வீட்டுக்கு விருந்தாளி. கதவைத் தட்டிட்டு, இருமிட்டு, செருப்பைத் தேய்ச்சிட்டுத்தான் உள்ள போறேன்,” என்று சிரிப்பான். மாடிப்படித் திருப்பத்தில் படுத்துக்கொள்வதாக ஒரு நாள் வாய் தவறிச் சொன்னான்.

அவர்கள் இருவரையும்தான் சோதித்துப் பார்க்கப் போவதாக சூப்பர்வைசர் அக்கா சொன்னாள். ஆளுக்கு ஒரு நாள். ஒருவர் முன்னால் நிற்க, மற்றவர் பின்னால் வாங்க வேண்டும். “காலையில ஓட விட்டா சாயங்காலம்தான் நிக்கணும். நடுவில சிவப்புக் கம்பியை அமுக்கினா, உருளை மேல சுத்தியிருக்கிற துணி கருகும். கருகினா அந்த ஆள் வேண்டாம், அவ்வளவுதான்,” என்றாள். அந்தச் சிவப்புக் கம்பி முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று இருந்தது. ஆபத்துக்கு அமுக்குவது. அமுக்கினால் உருளை அப்படியே நின்றுவிடும்.

அந்த வாரம் டீ நேரத்தில் எல்லாம் அந்த அறையைப் பற்றியே பேச்சு.

“எனக்குக் கிடைச்சா ஜன்னலுக்கு ஒரு திரை போடுவேன். கழிச்சுக் கட்டின விரிப்பு இருக்குல்ல, அதுல,” என்றாள் அவள்.

“எனக்கு ஒரு ஆணி போதும். சட்டையை மாட்டிட்டு, காலை நீட்டிப் படுத்தா, கால் யாரையும் இடிக்கக் கூடாது.”

“உன் கால் கட்டில் பாதிக்கே வராது.”

“கிடைக்கப் போறது எனக்குத்தான்னு தெரிஞ்சு பொறாமையில பேசுறே.” டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு அவன் கொஞ்சம் நிதானமாகச் சொன்னான்: “யாருக்குக் கிடைச்சாலும் கோவம் கூடாது. என்ன? கிடைக்காத ஆள் ஞாயித்துக்கிழமை அந்த ரூமுக்குப் போய் டீ குடிக்கணும். அதுதான் தண்டனை.”

“சரி,” என்றாள்.

முதல் நாள் அவள் முறை. உருளைக்கு முன்னால் நின்றதும்தான் தெரிந்தது, மேசையில் கற்ற கை இங்கே உதவாது என்று. இங்கே விரிப்பின் ஓரத்தை உருளை கவ்வியதும் விட்டுவிட்டுப் பின்னால் ஒரு எட்டு வைக்க வேண்டும். மேசையிலோ, முனையைக் கொடுக்க முன்னால் ஒரு எட்டு வைத்து, சொல் வரும் வரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றரை வருஷம் அப்படியே பழகிய கை. முதல் விரிப்பை உருளை இழுத்தது, அவள் விரல் விடவில்லை. உடம்பு தானாக முன்னால் சாய்ந்தது. சூடு முகத்தில் அடித்தது.

“பிடிச்சாச்சு!”

பின்பக்கத்திலிருந்து அரைப்படி கத்தினான். உருளைக்கு மேலே இருந்த இடைவெளியில் அவனுடைய கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. எதன் மேலோ ஏறி நின்றிருந்தான். அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவள் விரல் தானாக விரிந்தது. அன்று முழுக்க, ஒவ்வொரு விரிப்புக்கும் அவன் கத்தினான். ராகம் போட்டுக் கத்தினான், அழுவது போல் கத்தினான், பாய்லர் மாமா குரலில் கத்தினான். சிரித்துச் சிரித்தே அவள் கை கற்றுக்கொண்டது. மத்தியானத்துக்கு மேல் அந்தச் சொல் வருவதற்கு முன்பே அவள் விரல் விட்டது. சாயங்காலம் வரை உருளை நிற்கவில்லை. அரைப்படிக்குத்தான் குரல் போய்விட்டது.

மறுநாள் அவன் முறை. அவள் பின்னால் நின்றாள். அவளும் சொன்னாள், ராகம் எல்லாம் அவளுக்கு வராது, ஆனால் ஒன்றையும் தவற விடவில்லை. அவனுக்கு வேகம் அதிகம். பதினோரு மணி டீக்கு உருளையை சூப்பர்வைசர் அக்காவே சிறிது நேரம் பார்த்துக்கொண்டாள். டீ முடிந்து, தள்ளுவண்டிக்குப் பின்னால் காய்ந்த துணியை அள்ளிக்கொண்டிருந்தபோது, அக்கா பாய்லர் மாமாவிடம் சொல்வது கொக்குவின் காதில் விழுந்தது.

“பையன் கை நல்ல சுறுசுறுப்பு மாமா. நேத்தைவிட இன்னைக்கு உருப்படி கூட வருது. இவனையே போட்டுடலாம்னு இருக்கேன்.”

“போடு, போடு. குள்ளமா இருந்தா என்ன, உருளை என்ன கல்யாணமா பண்ணிக்கப் போகுது,” என்றார் மாமா.

அவள் துணியை வண்டியில் வைத்தாள். ஜன்னலும் திரையும் கண்ணில் வரவில்லை. தையல் மெஷினுக்கு அடியில் இருக்கும் பெட்டிதான் வந்தது. தன் இடத்துக்குப் போய் நின்றாள்.

அடுத்த விரிப்பு வந்தது. வாயைத் திறந்தாள். ஆவிதான் வாய்க்குள் போனது. சொல்லவில்லை. இடைவெளியில் அரைப்படியின் கண் ஒரு தடவை மேலே வந்து பார்த்துவிட்டுப் போனது. களைத்துப்போயிருப்பாள் என்று நினைத்திருப்பான். அடுத்ததற்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். அடுத்ததும் போனது. அவன் விரல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாமதமாக விடுவதை அவள் பார்த்தாள். விடுகிறானே, கற்றுக்கொண்டானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்படி ஒரு பதினைந்து விரிப்பு போயிருக்கும்.

பிறகு இரட்டையாக ஒட்டிக்கொண்ட கனமான விரிப்பு ஒன்று. அவன் அதைப் பிரித்து, நீவி, ஓரத்தைக் கொடுத்தான். கொடுத்துவிட்டுப் பிடித்துக்கொண்டே நின்றான். முகத்தைத் தூக்கி அவளைப் பார்த்தான். மேசையில் நிற்பது போலவே நின்றான். சட்டைக் கை விரிப்போடு சேர்ந்து உருளைப் பக்கம் போனது.

அந்த ஒரு சொல் அவள் நாக்கில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் போதும், அவன் கை தானாக விட்டிருக்கும். அவள் வாய் திறக்கவில்லை. கைதான் போய்ச் சிவப்புக் கம்பியை அமுக்கியது.

உருளை நின்றது. கூடம் முழுக்கக் கருகல் வாடை. எல்லோரும் ஓடி வந்தார்கள். அரைப்படி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். சட்டைக் கையின் பொத்தான் உருகிப்போயிருந்தது. தோலில் ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான். உருளைத் துணியில் விரிப்பு அகலத்துக்குப் பழுப்பு.

“கை போயிருக்கும்டா!” சூப்பர்வைசர் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். “நல்லவேளை, பொண்ணு கவனமா இருந்தா.”

“கொக்கு இல்லையா, பார்வை தப்பாது,” என்று பாய்லர் மாமா அவள் முதுகில் தட்டினார். எல்லோரும் அவளைத்தான் மெச்சினார்கள்.

பின்கட்டுக் குழாயடியில் அரைப்படி கையைத் தண்ணீரில் காட்டிக்கொண்டு நின்றான். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

“எரியுதா?”

“இல்ல.” தண்ணீரையே பார்த்தான். “டீ வரைக்கும் சொன்னியே.”

“தொண்டை கட்டிக்கிச்சு.”

அவன் அவள் கழுத்தை நிமிர்ந்து பார்த்தான். “கொக்குக் கழுத்து. கட்டிக்கிட்டா விட நேரமாகும்தான்,” என்றான். வேடிக்கையாகத்தான் சொன்னான். அதற்குச் சிரிக்க அவளால் முடியவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை சூப்பர்வைசர் அக்கா சாவியைக் கொடுத்தாள். அவள் அதைக் கையில் வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள்.

“அக்கா, அவனுக்கு இன்னொரு நாள் குடுத்துப் பாருங்க.”

“ஏன்?”

“எனக்கு அவன் நாள் முழுக்கச் சொன்னான். அவனுக்கு நான் டீக்கு அப்புறம் சொல்லல. நீங்க மாமாகிட்ட பேசினது காதில விழுந்தது. அதுக்கப்புறம் சொல்லல.”

 திட்டுவாள் என்று கொக்கு காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“சொல்லித்தான் ஆகணும்னு யாரு சொன்னா? நாளைக்கு அவன் அங்க தனியா நிக்கும்போது யாரு சொல்லுவா? கை போனா யாரு பதில் சொல்றது? உனக்குக் கை விட்டுச்சு, அவனுக்கு விடல. எனக்கு அதுதான் கணக்கு. மத்ததெல்லாம் நீங்க ரெண்டு பேரும் பேசிக்க வேண்டியது.” கையை நீட்டினாள். “வேணாம்னா சாவியைக் குடு. வேற ஆள் பாக்கிறேன். அவனுக்குப் போகாது.”

அதுவரை அவளுடைய வாழ்க்கையில் எதையும் அவளைக் கேட்டு யாரும் செய்ததில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்தியது அப்பா. சித்தப்பா வீட்டில் விட்டது அம்மா. வேலைக்கு அனுப்பியது சித்தி. கேட்க மாட்டார்களா என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறாள். முதல் தடவை கேட்டபோது, கேட்காமலே இருந்திருக்கலாமே என்று இருந்தது. யார் மேலும் பழி போட வழியில்லை.

சாவியைக் கொடுக்கவில்லை. கையை மூடிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது, சித்தி தையல் மெஷினுக்கு அடியில் காலை நீட்டிப் பார்த்துவிட்டு, “ரொம்பக் காலியா இருக்குதே,” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மேலே அறை அவர்கள் பேசியது போலவே இருந்தது. பாய்லர் சூடு தரை வழியாக வந்து பாதத்துக்கு இதமாக இருந்தது. சுவரில் ஏற்கெனவே ஒரு ஆணி இருந்தது. அவள் அதில் ஒன்றும் மாட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு டம்ளர் எடுத்து வைத்தாள். வருவான் என்று நம்பவில்லை. செருப்புத் தேய்க்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு இருமல். அப்புறம் கதவைத் தட்டினான்.

“என் வீட்டுக்குப் போற மாதிரியே வந்திருக்கேன்,” என்றான்.

ஜன்னலைத் திறந்து பார்த்தான், மூடினான். கட்டிலை அழுத்திப் பார்த்தான். ஆணியைப் பார்த்தான். டீ குடித்தான். சர்க்கரை போதவில்லை என்றான். தெரிந்தவர் ஒருவர் லாரியில் கூடப் போகக் கூப்பிடுவதாகவும், அடுத்த வாரம் கிளம்புவதாகவும் சொன்னான். “படுக்கிறதுக்கு லாரியிலேயே இடம் இருக்காம். நம்ம உயரத்துக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி.”

“போகணுமா?”

“பெட்டி மேல எத்தனை நாள் நிக்கிறது?”

அவள் சொல்ல நினைத்தது எல்லாம் தொண்டையிலேயே நின்றது. இந்தத் தடவை உண்மையாகவே நின்றது. “நான் வேணும்னே…” என்று ஆரம்பித்தாள்.

“அந்த விரிப்பு காஞ்சிடுச்சு போல,” என்றான் அவன்.

ஜன்னல் கம்பியில் அவளுடைய படுக்கை விரிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. அவனே எடுத்தான். ஆளுக்கு இரண்டு முனை. இழுத்து இரண்டு உதறல். சின்ன அறை; அவன் முதுகு கதவில் இடித்தது. சோப்புப் பெட்டி இல்லாததால் அவள் முட்டியை மடக்கினாள். அவன் பார்த்தான். நடந்து வந்தான். விரல் விரலைத் தொட்டது. முனைகளை அவள் கையில் வைத்துவிட்டு, விடாமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கீழே பாய்லர் மட்டும் இரைந்தது. ஞாயிற்றுக்கிழமை, வேறு சத்தம் இல்லை. ரொம்ப நேரம் நின்றார்கள்.

“பிடிச்சாச்சு,” என்றாள்.

அவன் விட்டான். “குரல் வந்துடுச்சே,” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

அதற்கப்புறம் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் பார்த்தாள். தெருமுனையில், லாரி ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, மீசையெல்லாம் வைத்து, பெரிய ஆளாக. ஹாரன் அடித்தான். அவள் கையைத் தூக்கினாள். மணிக்கட்டில் கோடு இருக்கிறதா என்று பார்க்க முடியவில்லை.

அவள் உருளையில் பதினாறு வருஷம் நின்றாள். அந்த அறையில் ஆறு வருஷம் இருந்தாள். திரை போட்டாள். கல்யாணமாகிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். இப்போது அவளே சூப்பர்வைசர். வீட்டில் தனியாக விரிப்பு மடிக்கும்போது நடுப்பகுதியைத் தாடைக்கு அடியில் இடுக்கிக்கொள்கிறாள். தனியாக மடிக்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான்.

கூடத்துக்குப் புதிதாக வரும் பையன்களும் பெண்களும் உருளைக்கு முன்னால் நிற்கும் முதல் வாரம், பின்பக்கம் வாங்க அவள் வேறு யாரையும் விடுவதில்லை. தானே நிற்பாள். ஒவ்வொரு விரிப்புக்கும், காலையிலிருந்து சாயங்காலம் வரை, ஒன்று விடாமல் சொல்வாள். அவர்களுக்குச் சிரிப்புத் தாங்காது. அவள் அந்தப் பக்கம் போனதும் அவள் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்கள். பெயரும் அப்படித்தான் வந்தது.

இடுப்பில் முடிந்து வைத்திருக்கும் பையில் எப்போதும் புதினா மிட்டாய் இருக்கும். பதினோரு மணி டீ குடித்ததும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டுதான் உருளைக்குப் பின்னால் போவாள்.

“எதுக்குக்கா தினமும் சின்னப் பிள்ளை மாதிரி மிட்டாய்?” என்று போன மாதம் வந்த பெண் ஒருத்தி கேட்டாள்.

“டீக்கு அப்புறம் தொண்டை கட்டிக்கும்,” என்றாள் அக்கா. “நீ போய் முன்னால நில்லு. நான் சொல்றேன், அப்ப விடு.”